கொங்கண வழியில் ஒரு மேஜைக் கால்

மும்பையிலிருந்து ஊருக்குப் போகும் நம்மவர்களுள் கொங்கண நாட்டைக் கடந்தவர்கள் பலர், பார்த்தவர்கள் சிலரே. 1998-ஆம் ஆண்டு ஜனவரியில் கொங்கண் இரயில்வே முழுமையும் திறக்கப்பட்டதிலிருந்து, மேற்குக் கரையோரமாகத் தெற்கே இறங்குவது பலருக்கு வழக்கமாயிற்று. ஆயினும் அந்தப் பாதையில் தொண்ணூறுக்கு மேற்பட்ட சுரங்கங்கள் இருக்கின்றன. ஒரு சுரங்கத்தை விட்டு வெளியே வந்து, 'அதோ பார், ஆறு' என்று குழந்தைக்குச் சுட்டிக் காட்டுவதற்குள் அடுத்த சுரங்கம் வந்து வண்டியை விழுங்கிவிடுகிறது. இரவு வண்டியானால் அதுவும் இல்லை. கண் விழித்தால் மங்களூர்!

சாலை வழியாகப் போகிறவர்களுக்கே கொங்கணம் தன் முகத்தைக் காட்டுகிறது. பன்வேலில் புறப்படும் 66-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஒரு பக்கம் சஹ்யாத்ரி மலையையும் மறுபக்கம் கடலையும் வைத்துக்கொண்டு இறங்கி, கோவா, கருநாடகம், கேரளம் ஆகியவற்றைக் கடந்து, நம் கன்னியாகுமரியில் சென்று முடிகிறது. இதன் வடபகுதியைப் பழைய 17-ஆம் எண் சாலை என்று சொன்னால் மூத்த வாசகர்களுக்கு உடனே விளங்கும். பேன், மகாட், போலாத்பூர் என்று ஊர்கள் வரும். பிறகு கசேடி மலைவழி. பிறகு சிப்ளூண் நகருக்கு மேலே பரசுராமர் மலைவழி. அங்கே நின்றால் கீழே வாசிஷ்டி ஆறு வளைந்து கிடப்பது தெரியும். மண்ணெல்லாம் செம்மண், கல்லெல்லாம் செம்பாறாங்கல். வீட்டுச் சுவரும் கிணற்றுச் சுவரும் வயல் வரப்பும் அந்தச் செங்கல்லாலேயே கட்டியிருக்கிறார்கள்.

இவ்வளவு அழகான சாலையைப் பற்றி ஒரு குறையும் சொல்லத்தான் வேண்டும். இதை நான்கு வழிச் சாலையாக அகலப்படுத்தும் வேலை 2011-இல் தொடங்கியது. நாங்கள் சென்ற ஜனவரியில் சில இடங்களில் பளிங்குபோன்ற சிமெண்டுச் சாலை. சில இடங்களில் பாதி கட்டிய பாலமும், அதைச் சுற்றிக்கொண்டு போகும் குண்டும் குழியுமான மாற்றுப் பாதையும். பளிங்கில் ஓடி வந்த வேகத்தில் குழியில் இறங்கினால் வண்டிக்குள் இருக்கும் சாமான்கள் என்ன பாடுபடும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. எங்கள் கதையும் அங்கேதான் தொடங்குகிறது.

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறோம். சயான், செம்பூர், முலுண்டு ஆகிய மூன்று இடங்களில் வசிக்கும் மூன்று தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து வாங்கிய பழைய வேன் அது. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பொருத்தி, 'கேம்பர்' என்ற வகையில் முன்னமே பதிவு செய்யப்பட்டது. நகரும் வீடு என்று வைத்துக்கொள்ளலாம். மகாராஷ்டிரமும் கேரளமும் 2021-ஆம் ஆண்டில் இத்தகைய கேரவன் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கைகளை வெளியிட்ட பிறகு, இவ்வகை வண்டிகளை நெடுஞ்சாலைகளில் அவ்வப்போது காண முடிகிறது. நாங்கள் முறை வைத்து எடுத்துச் செல்கிறோம். இம்முறை சென்றவர்கள் ஐவர்: எங்கள் வீட்டுப் பெரியவர், பிள்ளைகள் இருவர், நாங்கள் இருவர்.

வண்டியின் நடுவில் எதிரெதிராக இரண்டு இருக்கைகள். இடையே ஒரு மேஜை. அதுதான் காலையில் சமையற்கட்டு, பகலில் உணவறை, மாலையில் பிள்ளைகளின் பள்ளிக்கூடம். இரவில் அதையே கழற்றி, இரு இருக்கைகளுக்கும் நடுவே பலகையைத் தாழ்த்தி வைத்து, மேலே மெத்தையைப் பரப்பினால் இருவர் படுக்கலாம். இதற்காகவே அந்த மேஜைக்கு ஒற்றைக் கால் வைத்திருக்கிறார்கள். இரண்டேகால் அங்குலப் பருமனுள்ள அலுமினியக் குழாய். இரு முனைகளும் சற்றே கூம்பியிருக்கும். தரையில் பதித்த உலோகக் கிண்ணி ஒன்றில் கீழ்முனை செருகிக்கொள்ளும். பலகையின் அடியிலுள்ள இன்னொரு கிண்ணியில் மேல்முனை செருகிக்கொள்ளும். திருகு இல்லை, பூட்டு இல்லை. கூம்பு இறுகுவதொன்றே பிடிமானம். நான்கு கால் மேஜையானால் முழங்கால் இடிக்கும்; உள்ளே நுழைந்து உட்காருவதும் வயதானவர்களுக்குக் கடினம்.

ஆனால் எளிதில் கழல வேண்டும் என்று செய்த பொருள் எளிதில் ஆடவும் செய்கிறது. பன்வேலைத் தாண்டும்போது இலேசாக ஆடிய மேஜை, சிப்ளூணில் இரவு தங்கியபோது நன்றாகவே ஆடியது. மறுநாள் சங்கமேஸ்வரம், ராஜாபூர் எல்லாம் கடந்து கணகவ்லியை அடைந்தபோது, பிள்ளைகள் நோட்டில் ஒரு வரி எழுதினால் எதிரில் இருப்பவரின் டம்ளரில் அலை எழும்பியது.

பிள்ளைகளுக்கு அது வேடிக்கை. எங்களுக்கு வெறும் தொந்தரவு. பெரியவருக்கோ அது பயணத்தையே தடுக்கும் காரியமாயிற்று.

அவருக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது. பண்ணுருட்டிக்கு அருகே ஒரு சிற்றூரில் பிறந்து, 1962-இல் மும்பைக்கு வந்தவர். சில ஆண்டுகளாகக் கைநடுக்கம். வீட்டில் அவருக்கென்று கனமான தேக்கு மேஜை ஒன்று உண்டு. அதன்மேல் முழங்கை இரண்டையும் அழுத்தி ஊன்றிக்கொண்டு, டம்ளரை இரு கைகளாலும் பிடித்துத் தாமாகவே காப்பி குடித்துவிடுவார். முழங்கை அசையாத இடத்தில் ஊன்றியிருந்தால் விரலின் நடுக்கம் ஓரளவு அடங்குகிறது. ஊன்றிய இடமே ஆடினால்? இரண்டு நாளும் அவர் காப்பி வேண்டாம் என்றார். இரவில் இரண்டு இட்டிலியோடு நிறுத்திக்கொண்டார். ஊட்டிவிடலாம் என்று நாங்கள் அருகில் போனால், "பசியில்லை அம்மா" என்று முகத்தைச் சாளரத்தின் பக்கம் திருப்பிக்கொண்டார். கணகவ்லியில் இரவு அவர் சொன்னார்: "நாளைக்கு சாவந்த்வாடியிலே ஸ்டேஷன் இருக்கிறதாமே. என்னை ரெயிலேற்றி விட்டுவிடுங்கள். பிள்ளைகள் ஊர் பார்க்கட்டும்."

இந்தப் பயணமே அவருக்காக ஏற்பட்டது. முந்திரிக் காட்டில் பிறந்து வளர்ந்தவர் அவர். கொங்கணக் கரையிலுள்ள வேங்குர்லா என்ற ஊரின் பெயரைத் தாங்கிய முந்திரி வகைகளைப் பற்றிப் பல ஆண்டுகளாகக் கேள்விப்பட்டிருக்கிறார். ஊரிலிருந்து வரும் உறவினரெல்லாம் 'வேங்குர்லா 4' என்றும் 'வேங்குர்லா 7' என்றும் பேசுவதைக் கேட்டு, அந்த மண்ணை ஒருமுறை பார்க்க வேண்டும் என்பார். மும்பையில் அறுபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தும் அது கைகூடவில்லை. இரயிலில் இவ்வளவு தூரம் உட்கார இனி அவரால் ஆகாது என்பதனால்தான் இந்த வண்டி. வேங்குர்லாவுக்கு அறுபது கிலோமீட்டர்கூட இல்லாத இடத்தில் ஒரு மேஜைக் காலுக்காக அவரைத் திருப்பி அனுப்புவது எங்களுக்குச் சம்மதமாக இல்லை.

மேஜை ஆடினால் எல்லோரும் காலைத்தான் குறை சொல்கிறார்கள். காலைப் பிடித்து ஆட்டிப் பார்த்து, செய்தித்தாளை நான்காக மடித்துக் கிண்ணிக்குள் திணிக்கிறார்கள். அது அரை நாள் நிற்கும். காகிதம் நசுங்கியதும் முன்னைக் காட்டிலும் அதிகமாக ஆடும். உண்மையில் இத்தகைய மேஜையில் ஆட்டம் பிறக்கக்கூடிய இடங்கள் நான்கு உள்ளன. தரைக்கும் அடிக்கிண்ணிக்கும் இடையே ஒன்று. கிண்ணிக்கும் குழாய்க்கும் இடையே ஒன்று. மேலே குழாய்க்கும் பலகைக்கிண்ணிக்கும் இடையே மற்றொன்று. வண்டியே தன் வில்களின்மேல் ஆடுவது நான்காவது. ஒருவர் மேஜையை மெல்ல அசைக்க, இன்னொருவர் குனிந்து ஒவ்வோர் இணைப்பின்மீதும் விரலை வைத்துப் பார்த்தால், அசைவு எங்கே பிறக்கிறது என்பதை விரலே சொல்லிவிடும். வண்டியின் ஆட்டத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், எல்லோரையும் அசையாமல் உட்காரச் சொல்லிவிட்டு ஒருவர் மட்டும் நடந்து பார்க்க வேண்டும். அந்த இரவே இந்தச் சோதனையைச் செய்தோம். வண்டியின் பங்கு சிறிது. மேல்கிண்ணியில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. குற்றம் முழுவதும் தரையோரத்தில் இருந்தது.

தரையோரத்துக் குற்றம் சிறிதானாலும் மேலே பெரிதாகும். அடிக்கிண்ணியின் தட்டு 17 சென்டிமீட்டர் அகலம்; மேஜையின் உயரம் 70 சென்டிமீட்டர். தட்டின் ஓர் ஓரம் 1 மில்லிமீட்டர் எழும்பினால் மேலே பலகை 4 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். கிண்ணியின் ஆழமோ 5 சென்டிமீட்டர்தான். அதற்குள் குழாய்க்கு அரை மில்லிமீட்டர் இடம் கிடைத்தால் போதும். மேலே 7 மில்லிமீட்டர் ஆடும். இரண்டும் சேர்ந்தால் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஆகிவிடுகிறது! எங்கள் மூத்த பிள்ளை இந்தக் கணக்கை நோட்டில் போட்டு, படமும் வரைந்து, தாத்தாவிடம் காட்டினான். அவர் படத்தை வெகுநேரம் பார்த்தார். இரயிலைப் பற்றி அன்றிரவு மறுபடியும் பேசவில்லை.

மறுநாட் காலை சாவந்த்வாடி. மும்பையிலிருந்து ஏறக்குறைய 500 கிலோமீட்டர். போன்ஸ்லே மரபினர் ஆண்ட சிறு சமஸ்தானத்தின் தலைநகரமாக இருந்த ஊர். ஊர் நடுவே மோதி தலாவ் என்ற ஏரி. அதன் கரையில் அரண்மனை. ஆனால் இந்த ஊருக்குப் புகழ் தேடித் தந்தவை மரச்சாமான்களே. சித்தார் ஆளி என்ற தெருவுக்குள் நுழைந்தால், மரத்தாற் செய்து வண்ணம் தீட்டிய வாழைப்பழம், மாம்பழம், கத்தரிக்காய், மிளகாய் எல்லாம் கூடை கூடையாக வைத்திருப்பதைக் காணலாம். எங்கள் சிறிய பிள்ளை ஒரு சீத்தாப்பழத்தைக் கையில் எடுத்து முகர்ந்தே பார்த்துவிட்டாள். பம்பரம், கிலுகிலுப்பை, சொப்புச் சாமான், குழந்தைகள் அமரும் சிறு மணை முதலியவையும் உண்டு.

இந்தப் பொம்மைகளுக்குத் தொன்றுதொட்டுப் பயன்பட்டுவந்தது பாங்கரா என்ற மரம். பாங்கரா என்றால் என்ன என்று நாங்கள் விழித்தபோது, கடைக்காரர் பின்கட்டிலிருந்த ஒரு கட்டையைக் கொண்டுவந்து காட்டினார். பெரியவர் அதைக் கையில் வாங்கி எடை பார்த்து, "கல்யாண முருங்கை அல்லவா இது!" என்றார். ஆம், வெற்றிலைக் கொடிக்கும் மிளகுக் கொடிக்கும் தாங்கலாக நடும் அதே மரம். சளிக்கு அதன் இலையை அரிசியோடு அரைத்து அடை தட்டுவார்களே, அதே கல்யாண முருங்கைதான். மெத்தென்ற, கனமில்லாத மரம். செதுக்குவதற்கும் கடைவதற்கும் இணங்கிப்போகும்.

பொம்மை கடைபவரிடம் மேஜைக் காலைக் கொண்டுபோகலாமா என்று வாசகர்கள் கேட்கலாம். தாராளமாகப் போகலாம் என்பது எங்கள் எண்ணம். ஒன்றுக்குள் ஒன்று இறுகப் பொருந்த வேண்டும், வேண்டும்போது கழலவும் வேண்டும் என்பதுதானே மூடியுள்ள மரச்செப்புகளைக் கடைபவரின் அன்றாட வேலை! தெருவின் கோடியில் கடைசல் பட்டறை வைத்திருந்த ஒருவர் வண்டிக்கே வந்து பார்த்தார். நாற்பது வயதிருக்கும். மால்வணி கலந்த மராட்டியில் பேசினார். பெரியவரை 'ஆஜோபா' என்று, அதாவது தாத்தா என்று, அழைத்தார். இடையிடையே எங்கள் மும்பை மராட்டியைக் கேட்டுப் புன்னகையும் செய்தார்.

முதலில் அவர் பிள்ளையின் பையிலிருந்த சாக்குக்கட்டி ஒன்றை வாங்கினார். குழாயின் கூம்பு முனை முழுவதும் அதைப் பூசி, கிண்ணியில் செருகி, அரைச் சுற்றுச் சுற்றி, வெளியே எடுத்தார். வாய்ப்புறத்தில் ஒரு விரற்கடை அகலத்துக்கு மட்டும் சாக்கு அழிந்திருந்தது. அதற்குக் கீழே பூசியது பூசியபடியே இருந்தது. அதாவது குழாய் கிண்ணியின் வாயை மட்டுமே தொடுகிறது. அடிப்பகுதி காற்றில் நிற்கிறது. ஐந்து சென்டிமீட்டர்ப் பிடிமானம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, இருந்தது ஒன்றரைதான்! "ஓடும்போது மேஜையை நிறுத்தியே வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். இவ்வகை வண்டியில் அநேகமாக எல்லோரும் அப்படித்தான் வைக்கிறார்கள் என்றோம். ஓடும் வண்டியில் கால் கிண்ணிக்குள் நின்றுகொண்டே இடிபடுவதால் மெல்லிய உலோகம் தேய்ந்துபோகிறது, புறப்படுமுன் கழற்றிப் படுக்கவைத்துவிட வேண்டும் என்று அவர் சொன்னதை, இத்தகைய வண்டி வைத்திருப்பவர்கள் குறித்துக்கொள்வது நலம்.

பிறகு தரை. கிண்ணியின் தட்டை ஆறு திருகாணிகள் பிடித்திருந்தன. திருப்புளியை வைத்ததும் நான்கு வெறுமனே சுழன்றன. தரை 12 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை. மழைக்காலம் நான்கு மாதமும் வண்டி செம்பூரில் வெளியே நின்றிருந்தது. ஈரத்தில் பலகை பருத்து, பனிக்காலத்தில் காய்ந்து சுருங்கியதில் திருகாணியின் துளைகள் தளர்ந்துவிட்டன. எஞ்சியதைச் சாலை முடித்துவிட்டது. "நீளமான திருகாணி போட்டால் போதாதா?" என்று கேட்டோம். அவர் தலையசைத்தார். பன்னிரண்டு மில்லிமீட்டர்ப் பலகையில் மூன்று அங்குலத் திருகாணி போட்டாலும் அது பற்றிக்கொள்வது பன்னிரண்டு மில்லிமீட்டர்தான். மிச்சம் அடியில் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். இதை நினைக்க நினைக்க எங்களுக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு எளிய சங்கதி!

அவர் செய்த முறை இது. பழைய துளைகளில் தேக்குக் குச்சிகளைக் கடைந்து, மரப்பசையிட்டு அறைந்து, தரையோடு சீவிவிட்டார். அதன்மேல் 40 சென்டிமீட்டர்ச் சதுரமும் 2 சென்டிமீட்டர்க் கனமுமுள்ள தேக்குப் பலகை ஒன்றை வைத்தார். தரைக்கு அடியில், வண்டியின் வெளிப்புறத்தில், அதே அளவில் ஓர் இரும்புத் தகடு. பலகை, தரை, தகடு மூன்றையும் ஊடுருவி நான்கு மூலைகளிலும் நான்கு போல்ட்டுகள். அடியில் அகன்ற வாஷரும் தளராத நட்டும். இவற்றின்மேல் கிண்ணியின் தட்டு. தட்டையும் திருகாணியால் அன்றிப் போல்ட்டாலேயே பலகையோடு பிணைத்தார். இப்போது பிடிமானம் 17 சென்டிமீட்டர் அன்று, 40. அதே 1 மில்லிமீட்டர் கீழே எழும்பினாலும் மேலே இரண்டு மில்லிமீட்டருக்குக் குறைவாகத்தான் நகரும்.

இரும்புத் தகட்டை எதிர்த்த பக்கத்து மோட்டார்ப் பட்டறையில் வெட்டிக் கொடுத்தார்கள். துளையிடுவதற்கு முன்னே பட்டறைப் பையன் ஒருவன் வண்டிக்கு அடியில் படுத்து விளக்கடித்துப் பார்த்தான். டீசல் குழாய் எட்டத்தில் இருந்தது. ஆனால் மின்கம்பிக் கற்றை ஒன்று நாங்கள் குறித்திருந்த துளைகளுள் இரண்டுக்கு நேர் கீழே ஓடியது. பலகையை நான்கு விரற்கடை தள்ளி வைத்தார்கள். மேலிருந்து கண்ணை மூடிக்கொண்டு துளையிடுகிறவர்கள் இந்த இடத்தைத்தான் கவனிக்க வேண்டும். துளைகளைச் சுற்றி நீர் புகாத பசையும் தடவினார்கள். இல்லையேல் அடுத்த மழையில் பழைய கதைதான்.

கூம்பின் தளர்ச்சிக்கு அவர் கண்ட மருந்து விசித்திரமானது. தேநீர்க் கடையிலிருந்து காலியான குளிர்பான டப்பா ஒன்றை வரவழைத்தார். அந்தத் தகடு ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கனந்தான். அதைப் பட்டையாகக் கத்தரித்து, குழாயின் அடிமுனையில் இரண்டு சுற்றுச் சுற்றி, அரால்டைட் வைத்து ஒட்டிக் காயவிட்டார். மறுபடியும் சாக்கு, மறுபடியும் செருகி எடுத்தார். இம்முறை மேலிருந்து கீழ்வரை சாக்கு அழிந்திருந்தது. காகிதம்போல் இது நசுங்குவதில்லை. கிண்ணிக்குள் பிள்ளைகள் உதிர்த்த சர்க்கரையும் கடல்மணலும் சேராமல் துடைத்து வைத்தாலே பாதி வேலை என்றும் சொன்னார்.

பசை காய ஒரு முழு நாள் வேண்டியிருந்தது. அந்த நாளில் அரண்மனைக்குச் சென்று கஞ்சீபா சீட்டுகளைக் கண்டோம். வட்ட வடிவச் சீட்டுகள். கையால் ஓவியம் தீட்டி அரக்குப் பூசியவை. தசாவதாரக் கட்டில் அவதாரத்துக்குப் பன்னிரண்டாக 120 சீட்டுகள். மீனும் ஆமையும் பன்றியும் நரசிங்கமும் உள்ளங்கை அகலத்துக்குள் அடங்கியிருக்கும் நேர்த்தியை எழுதிக் காட்டுவது எங்களால் ஆகாது. இவ்வழி செல்வோர் நேரில் காணட்டும். மாலையில் ஏரிக்கரையைச் சுற்றி வந்தோம். பெரியவர் உடன் வந்து ஒரு கல் இருக்கையில் அமர்ந்தார். அன்று பகலுணவு அவர் உண்டது கடைசல்காரரின் பட்டறையில், மரம் வைத்துச் செதுக்கும் கனத்த கட்டையின் முன்னே. "இது ஆடாது ஆஜோபா, உட்காருங்கள்" என்று அவரே ஒரு துணியை விரித்துக் கொடுத்தார். எங்களைக் கேட்காமலேயே இதைச் செய்தார் என்பதைச் சொல்ல வேண்டும்.

மறுநாள் மேஜையைப் பொருத்திப் பார்த்தபோது ஆட்டம் முக்காற்பங்கு போயிருந்தது. எங்களுக்குத் திருப்தி, கடைசல்காரருக்கு இல்லை. ஒற்றைக் காலை எவ்வளவு இறுக்கினாலும் 90 சென்டிமீட்டர் நீளப் பலகையின் கோடியில் ஒருவர் சாய்ந்தால் அது கொஞ்சம் வளைந்தே தீரும் என்றார். இரயிலில் சாளரத்தோரம் உள்ள சிறு மேஜையைப் பாருங்கள். அது காலை நம்பி நிற்பதில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அவ்வாறே வண்டியின் பக்கச் சுவரில், மேஜை உயரத்துக்கு ஒரு தேக்குச் சட்டத்தை அறைந்தார். சட்டத்தில் இரண்டு துளைகள். பலகையின் ஓரத்தில் அவற்றுக்கேற்ற இரண்டு மரமுளைகள். மேஜையை முதலில் முளைகளில் மாட்டி, பிறகு காலைச் செருகி ஒரு தட்டுத் தட்டினால் முடிந்தது. இரவில் கழற்றுவதற்கும் தடையில்லை. அந்த முளைகளைக் கடைசலிலேயே சுழலவிட்டுச் சிவப்பு அரக்கை வைத்து அழுத்த, உராயும் சூட்டில் அரக்கு உருகி மினுமினுவென்று ஏறிக்கொண்டது. பொம்மைக்குப் போடும் வண்ணம்! வண்டியிலுள்ள சாமான்களில் கண்ணுக்கு அழகானவை இப்போது அவ்விரண்டு முளைகளே.

கூலி பேசும்போது ஒரு சிறு வாதம் நடந்தது. அவர் சொன்ன தொகை குறைவென்று நாங்களும், அதற்குமேல் வேண்டாமென்று அவரும். முடிவில் பிள்ளைகளுக்கு ஒரு கூடை மரப்பழம் வாங்கிக்கொண்டு அந்த வழக்கைத் தீர்த்தோம்.

சாவந்த்வாடியை விட்டுப் புறப்படுமுன் காப்பி கலந்தோம். டபராவில்லாமல், விளிம்பு வரை நிரப்பிய டம்ளரை மேஜையின் நடுவில் வைத்து, இளைய பிள்ளை மறுகோடியில் இரண்டு கைகளாலும் அழுத்திப் பார்த்தாள். காப்பியின்மேல் ஒரு சுருக்கம் விழுந்து மறைந்தது, சிந்தவில்லை. பெரியவர் வந்து அமர்ந்தார். தேக்குப் பலகையால் மேஜை இரண்டு சென்டிமீட்டர் உயர்ந்திருந்தது அவருக்கு வசதியாகவே இருந்தது. முழங்கைகளை ஊன்றி, ஒருமுறை மேஜையை வேண்டுமென்றே அழுத்திப் பார்த்தார். பிறகு டம்ளரை எடுத்தார். நாங்கள் எல்லோரும் சாளரத்துக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தோம். டம்ளரைக் கீழே வைத்த ஓசை கேட்டபின், "சர்க்கரை கொஞ்சம் மட்டு" என்றார்.

வேங்குர்லா அங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்குள்தான். மேடும் பள்ளமுமான செம்மண் நிலம். இருபுறமும் முந்திரியும் மாவும். ஜனவரியில் இரண்டும் பூத்திருந்தன. தாபோலியைத் தலைமையிடமாகக் கொண்ட கொங்கண வேளாண் பல்கலைக்கழகத்தின் பழ ஆராய்ச்சி நிலையம் இவ்வூரில் இருக்கிறது. வேங்குர்லாவின் பெயரைத் தாங்கிய முந்திரி வகைகள் இங்கிருந்து வந்தவை. நம் விருத்தாசலத்து நிலையத்திலிருந்து 'வி.ஆர்.ஐ.' வகைகள் வந்ததுபோல என்று சொல்லலாம். முந்திரி இரு கரைக்கும் அயல்நாட்டு விருந்தாளிதான். போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரம் இது. மராட்டியில் 'காஜு' என்பது அவர்கள் மொழிச் சொல். மலையாளத்தில் அதைப் 'பறங்கிமாவு' என்றே வழங்குகிறார்கள்.

அனுமதி கேட்டு உள்ளே சென்றோம். தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஒருவரிடம் பெரியவர் கேட்ட கேள்விகளை மொழிபெயர்த்து எங்களுக்கு வாய் வலித்தது. மரத்துக்கும் மரத்துக்கும் எத்தனை அடி? ஏழு மீட்டர் என்றார்கள். எங்கள் பக்கம் பழைய தோப்புகளில் கிளையோடு கிளை பின்னிக்கொண்டு கிடக்குமே என்றார் இவர். ஒட்டுக்கன்றா, விதைக்கன்றா? பூவில் தேயிலைக் கொசு விழுகிறதா? காற்றடித்தால் எந்தப் பக்கம் சாய்கிறது? ஒரு பூங்கொத்தைத் தாழ வளைத்துப் பிடித்தார். கொத்தும் அவர் கையோடு சேர்ந்து நடுங்கியது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. குனிந்து முகர்ந்து, "இதே மணம்தான்" என்றார். ஒரு பிடி செம்மண்ணை எடுத்து உள்ளங்கையில் தேய்த்து, பண்ணுருட்டி மண்ணைவிடக் கல் அதிகம் என்று தீர்ப்பும் சொன்னார்.

அன்று பகல் கடற்கரையருகே சவுக்கு நிழலில் வண்டியை நிறுத்திச் சாப்பிட்டோம். பெரியவர் மூன்றாம் முறை சோறு கேட்டார்.

மும்பை திரும்பியதும் போல்ட்டுகளை முறுக்கிப் பார்த்தோம். புதிதாக இறுக்கிய மரம் ஆயிரம் கிலோமீட்டருக்குப் பின் சற்று அமுங்கும் என்று கடைசல்காரர் சொல்லியிருந்தார். அப்படியே இரண்டு நட்டுகள் அரைச் சுற்று உள்ளே போயின. டப்பாத் தகடு அசையவில்லை. வண்டி இப்போது முலுண்டுக் குடும்பத்தாரிடம் இருக்கிறது. சாவியோடு ஒரு ரப்பர்ச் சுத்தியலும் ஒரு சாக்குக்கட்டியும் கொடுத்து, புறப்படுமுன் மேஜையைப் படுக்கவைக்கச் சொல்லியிருக்கிறோம். அவர்கள் வீட்டுப் பாட்டியும் உடன் செல்கிறார்.